ஐம்பது நாள் ஊசி: ஜோர்ஜ் ஓர்வெல்லின் நுரையீரலில் உறங்கிய கிருமி

1948 பெப்ரவரி. இலங்கை சுதந்திரம் பெற்று இரண்டு வாரம் கழிந்திருந்தது. ஸ்கொட்லாந்தில் ஈஸ்ட் கில்பிரைட் என்ற ஊருக்கு அருகே ஹேர்மையர்ஸ் வைத்தியசாலையில், ஆறடிக்கு மேல் உயரமும் எலும்பும் தோலுமான உடம்பும் கொண்ட ஒரு நோயாளிக்கு, அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வந்த புதிய மருந்தை ஊசியாக ஏற்றத் தொடங்கினார்கள். வைத்தியசாலைப் பதிவில் அவர் பெயர் எரிக் பிளேயர். உலகம் அவரை ஜோர்ஜ் ஓர்வெல் என்று அறிந்திருந்தது.

‘விலங்குப் பண்ணை’ என்ற பெயரில் அவருடைய கதையைத் தமிழில் படித்தவர்கள் எம்மிடையே பலர் உண்டு. புரட்சி செய்த பன்றிகள் கடைசியில் பழைய எசமானர்களாகவே மாறிவிடும் கதை. படிக்காதவர்களும் ‘1984’ நாவலில் வரும் பெரிய அண்ணன் என்ற சொல்லை எங்காவது கேட்டிருப்பார்கள். எழுத்தாளராக அவரைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். இங்கே எழுத வந்தது அவருடைய நோயைப் பற்றி. அந்த நோய் காசநோய். எங்கள் கரையோர ஊர்களில் அதன் பெயரை இன்றைக்கும் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

ஓர்வெல் பிறந்தது இந்தியாவில். பீகாரின் மோதிஹாரி என்ற சிற்றூரில், 1903 ஜூன் 25ஆம் திகதி. தகப்பன் ரிச்சர்ட் பிளேயர் பிரித்தானிய அரசின் அபின் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தவர். சீனாவுக்கு விற்பதற்கான அபினைக் குடியானவர்களைக் கொண்டு பயிரிடுவித்த திணைக்களம் அது. தாய் ஐடா, பர்மாவின் மௌல்மீனில் வளர்ந்தவர். பிள்ளைக்கு ஒரு வயதாக இருக்கும்போதே தாய் அவரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார். சிறு வயதிலிருந்தே அவருக்கு நெஞ்சு பலவீனம். மார்ச்சளி வந்தால் இலேசில் போகாது.

ஈட்டன் கல்லூரியில் படித்துவிட்டு, பல்கலைக்கழகம் போகாமல், 1922இல் பர்மாவுக்குப் பொலிஸ் அதிகாரியாகப் போனார். ஐந்து வருடம் அங்கே இருந்தார். அடக்கி ஆளும் வேலையைச் செய்துகொண்டே அதை வெறுக்கக் கற்றுக்கொண்டார். 1927இல் டெங்குக் காய்ச்சலோடு ஊர் திரும்பியவர் உத்தியோகத்தை விட்டார். பிறகு பாரிஸில் பாத்திரம் கழுவினார், லண்டனில் நாடோடிகளோடு படுத்தார், அதையெல்லாம் எழுதினார். 1929இல் பாரிஸின் ஏழைகளுக்கான வைத்தியசாலை ஒன்றில் நிமோனியாவோடு கிடந்தார். 1933இன் முடிவில் மறுபடி நிமோனியா. அந்த வருடம்தான் அவருடைய முதல் புத்தகம் ஜோர்ஜ் ஓர்வெல் என்ற புனைபெயரில் வந்தது. இத்தனைக்கும் நடுவே புகையிலையை அவரே சுருட்டிப் புகைப்பதை மட்டும் விடவில்லை.

1936 டிசம்பரில் ஸ்பெயினுக்குப் போனார். அங்கே உள்நாட்டுப் போர். பிராங்கோவின் இராணுவத்துக்கு எதிராகப் போராடிய சிறிய இடதுசாரி அமைப்பு ஒன்றின் படையில் சேர்ந்தார். குளிரும் பேனும் பசியும் நிறைந்த பதுங்குகுழிகளில் மாதக்கணக்காக இருந்தார். 1937 மே 20ஆம் திகதி ஹுவெஸ்கா அருகே எதிரியின் துவக்குச் சன்னம் ஒன்று அவருடைய கழுத்தைத் துளைத்துக்கொண்டு போனது. பெரிய இரத்தக் குழாய்க்கு மயிரிழை தூரம். உயிர் தப்பினார், குரல் கெட்டது. ஆனால் அவரைத் துரத்தியது எதிரி அல்ல. ஒரே பக்கத்தில் நின்ற இயக்கங்கள் ஒன்றையொன்று வேட்டையாடத் தொடங்கின. அவர் சேர்ந்திருந்த அமைப்பைத் துரோகிகள் என்று பட்டம் சூட்டித் தடைசெய்தார்கள். தோழர்கள் சிறையில் செத்தார்கள். ஓர்வெல்லும் மனைவி ஐலீனும் ரயிலேறி எல்லை கடந்தார்கள். இந்த அனுபவத்தை எங்கள் வாசகர்களுக்கு விளக்க வேண்டிய தேவை இல்லை. அதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1938இல் 1,500 பிரதிகள் அச்சாகி, அவர் சாகும்வரை விற்றுத் தீரவில்லை.

அந்தப் புத்தகம் வெளிவருவதற்குச் சற்று முன், 1938 மார்ச்சில், அவருக்கு வாயால் இரத்தம் வந்தது. கென்ட் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான பிரெஸ்டன் ஹோல் சானடோரியத்தில் ஐந்து மாதத்துக்கு மேல் இருந்தார். முதலில் காசநோய் என்று சந்தேகித்தவர்கள் கடைசியில் மூச்சுக்குழாய் விரிந்துபோன பழைய கோளாறு என்று சொல்லி அனுப்பினார்கள். உலகப்போர் வந்தபோது இராணுவம் அவரை எடுக்கவில்லை. பிபிசியின் கிழக்கத்திய சேவையில் இந்தியாவுக்கான ஒலிபரப்பில் இரண்டு வருடம் வேலை செய்தார். 1942இல் அவர் நடத்திய கவிதை நிகழ்ச்சியில் இலங்கைத் தமிழரான தம்பிமுத்து கலந்துகொண்டார். ரி. எஸ். எலியட், முல்க் ராஜ் ஆனந்த் ஆகியோருடன் ஓர்வெல்லும் தம்பிமுத்துவும் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றியிருக்கும் படம் இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கிறது.

1944இல் ஒரு ஆண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். பெயர் ரிச்சர்ட். 1945 மார்ச்சில் சத்திரசிகிச்சை மேசையில் மயக்க மருந்தின்போது ஐலீன் இறந்துபோனார். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘விலங்குப் பண்ணை’ வெளிவந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குக் கையில் காசு வந்தது. மறு வருடம் ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஜூரா என்ற தீவில், மின்சாரமில்லாத தனி வீடொன்றில் குடியேறினார். அடுத்த நாவலை எழுத வேண்டும். 1947இல் முதல் வரைவை முடித்த கையோடு படுக்கையில் விழுந்தார். டிசம்பரில் ஹேர்மையர்ஸ் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். இந்த முறை சளியில் கிருமி தெளிவாகத் தெரிந்தது.

அக்காலத்தில் காசநோய்க்குச் செய்தது என்னவென்றால், பழுதான நுரையீரலைச் சுருங்கச் செய்து ஓய்வு கொடுப்பதுதான். ஓர்வெல்லுக்கும் அதைச் செய்தார்கள். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பை நசுக்கி, வயிற்றுக்குள் காற்றை ஏற்றினார்கள். கேட்கவே உடம்பு கூசும் வைத்தியம்.

மருந்து என்று சொல்லத்தக்க ஒன்று அப்போதுதான் பிறந்திருந்தது. 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில், அல்பேர்ட் ஷட்ஸ் என்ற மாணவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க் கிருமியைக் கொன்ற முதல் நுண்ணுயிர்க்கொல்லி. பிரித்தானியாவில் அது பரிசோதனைக்கு மட்டுமே இருந்தது. ஓர்வெல்லின் நண்பரும் ‘ஒப்சேர்வர்’ பத்திரிகையின் ஆசிரியருமான டேவிட் அஸ்டர் அமெரிக்காவிலிருந்து அதை வரவழைக்க முயன்றார். இறக்குமதிக்கு அரசின் அனுமதி வேண்டும். சுகாதார அமைச்சராக இருந்தவர் அனூரின் பெவன். ஓர்வெல் முன்பு வேலை செய்த ‘ட்ரிபியூன்’ பத்திரிகையின் முன்னாள் ஆசிரியர். அனுமதி கிடைத்தது. ‘விலங்குப் பண்ணை’ ஈட்டிய டொலரில் மருந்துக்குக் காசு கட்டப்பட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதே 1948இல், திருவனந்தபுரத்தில், அதே நோயால் 42 வயதில் புதுமைப்பித்தன் செத்துப்போனார். அவருக்குப் பத்திரிகை முதலாளியான நண்பரோ, மந்திரியின் பழக்கமோ இருக்கவில்லை.

ஊசி ஏறத் தொடங்கிய சில வாரங்களில் ஓர்வெல்லின் உடம்பு மருந்தோடு சண்டைக்கு நின்றது. தோல் சிவந்து உரிந்தது. வாயும் தொண்டையும் புண்ணாகின. நகங்கள் சிதைந்தன, தலைமயிர் கொட்டியது. இரவில் உதடுகளில் கசியும் இரத்தம் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், காலையில் கழுவினால்தான் வாய் திறக்கும். வைத்தியர்களுக்கும் அந்த மருந்து புதிது. எவ்வளவு கொடுப்பது, எப்படிக் குறைப்பது என்று சொல்ல அனுபவசாலி எவரும் அருகில் இல்லை. ஏறத்தாழ ஐம்பது நாளில் நிறுத்தினார்கள். மீந்த மருந்து வைத்தியர்களின் மனைவிமார் இருவருக்குப் போனது, அவர்கள் தேறினார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

ஆனால் அந்த ஐம்பது நாள் வேலை செய்திருந்தது. சளியில் கிருமி காணாமல் போனது. உடம்பில் சதை பிடித்தது. ஜூலை முடிவில் ஜூராவுக்குத் திரும்பினார். யார் பார்த்தாலும் சுகமாகிவிட்டார் என்றே சொல்லியிருப்பார்கள்.

சுகமாகவில்லை. ஏன் என்று விளங்க, ஓர்வெல்லைச் சற்று நேரம் ஜூராவிலேயே விட்டுவிட்டு எங்கள் வயலுக்கு வருவோம்.

சம்மாந்துறை வட்டையிலோ அக்கரைப்பற்று வட்டையிலோ வெள்ளாமை செய்தவர்களுக்கு இது தெரிந்த விடயம். களைநாசினி அடித்து ஒரு கிழமையில் வயல் துப்புரவாக இருக்கும். பச்சையாக நின்ற கோரையும் புல்லும் கருகிவிடும். ஆனால் சேற்றுக்குள் முளைக்காமல் கிடந்த விதைக்கு அந்த மருந்தால் ஒன்றும் ஆகாது. அது மருந்தை எதிர்த்து நின்ற களை அல்ல. மருந்து அடித்த நேரத்தில் அது வளரவில்லை, அவ்வளவுதான். பிறகு தண்ணீர் பட்டு முளைக்கும்போது அதே மருந்தை அடித்தால் அதுவும் கருகும். முளைக்கும் நேரத்தில் மருந்து இருக்க வேண்டும் என்பதே பிரச்சினை.

பற்றீரியாவிலும் இப்படி நடக்கிறது என்று முதலில் தெளிவாக எழுதியவர்களில் ஒருவர் டப்ளின் நகரப் பேராசிரியர் ஜோசப் பிகர். 1944இல் ‘லான்செட்’ சஞ்சிகையில் அவருடைய கட்டுரை வந்தது. புண்ணில் சீழ் பிடிக்கச் செய்யும் ஸ்டபிலோகொக்கஸ் கிருமிகளைப் பென்சிலினில் போட்டார். கிட்டத்தட்ட எல்லாம் செத்தன. ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒன்று என்ற அளவில் சில தப்பின. தப்பியவற்றை எடுத்து வளர்த்து, அவற்றின் வாரிசுகளுக்கு மறுபடி பென்சிலின் கொடுத்தார். முன்பு போலவே அவையும் செத்தன, முன்பு போலவே ஒருசில தப்பின. ஆக, தப்பியவை மருந்தை வெல்லக் கற்றவை அல்ல. பென்சிலின் கொல்வது, கிருமி பெருகும்போது தன்னைச் சுற்றிச் சுவர் கட்டும் வேலையைக் கெடுத்துத்தான். கட்டட வேலையே நடக்காத இடத்தில் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது? பெருகாமல் அடங்கிக் கிடந்த அந்தச் சிலவற்றுக்கு அவர் பெர்சிஸ்டர் என்று பெயர் வைத்தார். எங்கள் பேச்சில் விடாக்கண்டன் என்று சொல்லலாம்.

மருந்துக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமி என்று செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். அது வேறு, இது வேறு. எதிர்ப்புப் பெற்ற கிருமியின் பரம்பரை அமைப்பே மாறியிருக்கும். அதன் பிள்ளைகளும் மருந்துக்கு அடங்கா. உறங்கும் கிருமியில் அப்படி ஒரு மாற்றமும் இல்லை, அது நேரம் பார்த்துக் கிடக்கிறது. ஆனால் இரண்டுக்கும் உறவு உண்டு. உறங்கி எஞ்சியவை விழித்துப் பெருகும்போது, அரைகுறை மருந்துக்கு நடுவே, எதிர்ப்புப் பெற்றவை தோன்ற வாய்ப்புக் கிடைக்கிறது.

காசநோய்க் கிருமி இந்த வித்தையில் பழுத்த கை. எங்கள் குடலில் வாழும் சாதாரணப் பற்றீரியா ஒன்று நல்ல வசதி கிடைத்தால் இருபது நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமி சுறுசுறுப்பாக இருக்கும்போதே இரண்டாக ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். உடம்பின் பாதுகாப்புக் கலங்கள் அதைச் சூழ்ந்து வளையம் கட்டும். அந்த வளையத்தின் நடுவே திசு செத்து, பாற்கட்டி போல ஆகிவிடும். அங்கே ஒட்சிசன் குறைவு. கிருமி பெருகுவதை நிறுத்தி, சேமித்துவைத்த கொழுப்பில் சீவித்துக்கொண்டு கிடக்கும். ஸ்ட்ரெப்டோமைசின் தாக்குவது கிருமி புரதம் செய்யும் இடத்தை. தொழிற்சாலையையே பூட்டிவிட்டுப் படுத்திருப்பவனிடம் அந்த மருந்தின் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது. இப்படிக் கிருமி வருடக்கணக்காகக்கூடக் கிடக்கும். அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் 1962இல் இறந்தபோது உடம்பெங்கும் காசநோய் பரவியிருந்தது. 1919இல் வந்துபோன பழைய நோய் விழித்துக்கொண்டதாகவே வைத்தியர்கள் கருதினர்.

இனி ஜூராவுக்குத் திரும்பலாம். ஓர்வெல் நாவலைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். இலையுதிர் காலம் வந்ததும் காய்ச்சலும் இருமலும் திரும்பி வந்தன. வெட்டியும் திருத்தியும் எழுதிய அந்தக் கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்ய ஓர் ஆளைத் தீவுக்கு அழைக்கப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. அவரே கட்டிலில் சாய்ந்துகொண்டு, அறைக்குள் எண்ணெய் அடுப்பு புகைய, சிகரெட்டும் புகைய, முழு நாவலையும் தட்டச்சு செய்தார். டிசம்பர் ஆரம்பத்தில் முடித்தார். நாலு வயதுப் பிள்ளைக்கு நோய் தொற்றிவிடும் என்ற பயம் வேறு. ரிச்சர்டைத் தன்னிடமிருந்து தள்ளியே வைத்திருந்தார். தாயில்லாத பிள்ளையைத் தொட்டுத் தூக்காமல் இருப்பது எப்படிப்பட்டது என்பதை, வீட்டில் இந்த நோய் இருந்த எவரும் அறிவர்.

1949 ஜனவரியில் கிளஸ்டர்ஷயரில் க்ரனம் என்ற இடத்துச் சானடோரியத்துக்குப் போனார். பாஸ் என்ற இன்னொரு புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு துணிந்து ஸ்ட்ரெப்டோமைசினை மறுபடி ஏற்றினார்கள். ஒரே ஊசியில் உடம்பு பழையபடி கொந்தளித்தது. அதோடு அந்த வழி அடைபட்டது. ஜூன் 8ஆம் திகதி ‘1984’ வெளிவந்து உலகப் புகழ் பெற்றபோது ஆசிரியர் படுக்கையில் இருந்தார்.

அவருக்கு மருந்து ஒத்துக்கொண்டிருந்தால்? அந்தக் கேள்விக்கு ஒரு குரூரமான விடை உண்டு. பிரித்தானிய மருத்துவ ஆய்வுச் சபை 107 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிப் பரிசோதித்திருந்தது. 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசின், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் மற்றவர்களில் 14 பேரும் இறந்தார்கள். பெரும் வெற்றி என்றுதான் தோன்றும். ஐந்து வருட முடிவில் கணக்குப் பார்த்தால் மருந்து பெற்றவர்களில் 32 பேரும் மற்றவர்களில் 35 பேரும் போய்விட்டார்கள். ஒற்றை மருந்து கொடுத்ததில் கிருமி எதிர்ப்புச் சக்தி பெற்றது முக்கிய காரணம். ஒரு மருந்து, சில மாதம் என்ற கணக்கு இந்த நோயிடம் எடுபடாது என்பது அப்போதுதான் புரியத் தொடங்கியது.

எதிர்ப்புச் சக்திக்கு விடையாக ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். உறக்கத்துக்கு விடை காலம்தான். 1956இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வோல்ஷ் மக்டெர்மொட் குழுவினர் ஒன்றைக் காட்டினார்கள். மக்டெர்மொட் தானே காசநோயில் அடிபட்டவர். நோய் தொற்றிய எலிகளுக்கு இரண்டு மருந்துகளை மூன்று மாதமளவில் கொடுத்தார்கள். அதன்பின் அந்த எலிகளின் உறுப்புகளில் எப்படித் தேடியும் கிருமி அகப்படவில்லை. மருந்தை நிறுத்திவிட்டு மேலும் மூன்று மாதம் விட்டுவைத்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எலிகளில் கிருமி திரும்ப வந்தது. அந்தக் கிருமி மருந்துக்குப் பணிகிற அதே பழைய கிருமிதான். பரிசோதனையில் தெரியாத இடத்தில் படுத்துக் கிடந்திருக்கிறது.

அதே 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரித்தானிய மருத்துவ ஆய்வுச் சபை ஆகியவற்றின் கூட்டு முயற்சி. சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் ஒரு வருடம் மருந்து எடுத்தவர்களையும், நெருக்கமான குடிசை வீட்டில் இருந்தபடி அதே மருந்தை எடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதேயளவு குணமானார்கள். குணமாக்கியது மலைக்காற்றும் முட்டையும் பாலும் அல்ல, விடாமல் எடுத்த குளிசை. சென்னையின் ஏழை நோயாளிகள் காட்டிய இந்த உண்மை உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தை மாற்றியது. இலங்கையிலும் இன்று பெரும்பாலானவர்கள் வீட்டில் இருந்தபடிதான் மருந்து எடுக்கிறார்கள்.

பிறகு ரிபாம்பிசின், பைரசினமைட் என்ற மருந்துகள் சேர்ந்தன. மெதுவாக அசைகிற, அரைத்தூக்கத்தில் கிடக்கிற கிருமிகளையும் இவை தொடும். அதனால்தான் ஒன்றரை, இரண்டு வருடம் இழுத்த வைத்தியம் ஆறு மாதமாகக் குறைந்தது. முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் இரண்டு மருந்து. முதல் இரண்டு மாதம் விழித்திருக்கும் கூட்டத்துக்கு. மிச்ச நாலு மாதம் உறங்குகிறவை விழிக்கும்போது பிடிப்பதற்கு.

கல்முனை மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்திலிருந்து மருந்து அட்டையோடு வீட்டுக்குப் போகும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். மூன்றாம், நான்காம் கிழமையில் காய்ச்சல் நிற்கும், பசி எடுக்கும், சட்டை பழையபடி பொருந்தும். இரண்டாம் மாத முடிவில் பெரும்பாலானவர்களின் சளியில் கிருமி தெரியாது. ஓர்வெல் ஜூராவுக்குத் திரும்பிய நிலை அது. அந்த நேரம் பார்த்துத்தான் கட்டாரில் இருந்து விசா வரும், அல்லது ஆழ்கடலுக்குப் போகும் போட்டில் ஆள் தேவைப்படும், அல்லது அறுவடை தொடங்கும். ஊருக்குத் தெரிந்தால் மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பும் என்ற பயத்தில் கிளினிக் பக்கம் போகாமல் விடுபவர்களும் உண்டு. யுத்த காலத்தில் ஓடியவர்களுக்கும், சுனாமிக்குப் பிறகு தகரக் கொட்டிலில் கிடந்தவர்களுக்கும் மருந்தை விடாமல் எடுப்பது எவ்வளவு சிரமம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உறங்கும் கிருமிக்கு இடம்பெயர்வைப் போல் உதவி வேறொன்றும் இல்லை.

மருந்து எடுப்பவர்களுக்குச் சில விடயங்கள். ரிபாம்பிசின் எடுத்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்படத் தேவையில்லை. கண் மஞ்சளானால், பார்வை மங்கினால், தோலில் கடுமையாகத் தடித்தால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். ஓர்வெல்லுக்கு மாற்று மருந்து இருக்கவில்லை. இன்று இருக்கிறது, வைத்தியர் மாற்றிக் கொடுப்பார். அரசு சிகிச்சை நிலையத்தில் மருந்துக்குக் காசு இல்லை. நோன்பு மாதத்தில் குளிசையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நோயாளிக்கு மார்க்கம் நோன்பில் சலுகை தந்திருக்கிறது. நோன்பு பிடிக்கும் உடல்நிலை இருந்தால் ஸஹர் நேரத்துக்கு மருந்தை மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேட்கலாம். பகலில் எடுக்க முடியாது என்பதற்காக ஒரு மாதம் நிறுத்திவிடுவது ஆகாது.

ஓர்வெல்லை 1949 செப்டம்பரில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி வைத்தியசாலைக்கு மாற்றினார்கள். ஒக்டோபர் 13ஆம் திகதி, கட்டிலில் இருந்தபடியே சோனியா பிரவுனெல் என்பவரைத் திருமணம் செய்தார். எழுத இன்னும் புத்தகங்கள் இருக்கும்போது மனிதன் செத்துப்போக மாட்டான் என்று ஒரு நம்பிக்கை அவருக்கு. சுவிற்சர்லாந்தின் மலைச் சானடோரியம் ஒன்றுக்கு விமானத்தில் கொண்டுபோக ஏற்பாடானது. அங்கே ஓடைகளில் மீன் பிடிக்கலாம் என்று தூண்டில் தடியை வரவழைத்து அறையில் வைத்திருந்தார். மகன் ரிச்சர்டுக்கு அப்போது ஐந்து வயது.

பயணத்துக்குச் சில நாட்களே இருந்தன. 1950 ஜனவரி 21ஆம் திகதி அதிகாலை நுரையீரலில் இரத்தக் குழாய் ஒன்று வெடித்தது. அறையில் அவர் தனியாக இருந்தார். வயது 46. ஒக்ஸ்போர்ட் பகுதியின் கிராமத்துத் தேவாலய மயானம் ஒன்றில் அடக்கம் செய்தார்கள். கல்லில் ஓர்வெல் என்ற பெயர் இல்லை. எரிக் ஆர்தர் பிளேயர் என்றும், பிறந்த நாளும் இறந்த நாளும் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கின்றன.